காற்று நின்ற பிறகு

முதல் அடி விழுந்தபோது மதியக் கூட்டம் வடிந்து, சுலைஹா அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே தகரக் கூரையில் யாரோ சம்மட்டியை ஓங்கிப் போட்டதுபோல "டணார்" என்று ஒரே ஒரு அடி. கண்ணாடி அலமாரிக்குள் இருந்த தம்ளர்கள் கிலுகிலுத்து அடங்கின. பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

கல்லாவில் இருந்த அவள் கணவர் சயீத் வெளியே ஓடிப் போய்ப் பார்த்தார். யோங் பெங் சந்திப்பிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவில் இருந்தது அவர்களுடைய சாப்பாட்டுக்கடை. முன்னால் சாலை, பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனைத் தோட்டம். ஓரமாய் நின்ற லோரிக்குள் ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வேறு ஈ காக்கை இல்லை. நேற்று மாலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்த காற்று எங்கே போனதென்று தெரியவில்லை. செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை.

"பசங்க யாராச்சும் கல்லு விட்டிருப்பானுங்க," என்றார் திரும்பி வந்து.

"எந்தப் பசங்க? யாரைப் பாத்தீங்க?"

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். சுலைஹா தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்த அடி எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த வாரம்தான் அங்கம்மா கடையை விட்டுப் போயிருந்தாள். கடை திறந்த காலத்திலிருந்து தோசைக்கல்லின் முன்னால் நின்றவள் அவள். சுலைஹாவைவிட நாலைந்து வயது மூத்தவள். சுலைஹாவை அவள் "தங்கச்சி" என்பாள், இவள் அவளை "அங்கம்மாக்கா" என்பாள். லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் மகள் யோகேஸ்வரிக்குத் தலைப்பிரசவம், போய்க் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். பள்ளி விடுமுறை நேரம், சிங்கப்பூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கிற நேரம். சுலைஹாவுக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. "போனீங்கன்னா அப்படியே போயிடுங்க, திரும்பி வர வேணாம்," என்றாள், சாப்பிடுகிற ஆட்களுக்கு முன்னால்.

அங்கம்மா கரண்டியைக் கல்லின் மேல் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள். "வயித்துப் புள்ளக்காரியப் பாக்கப் போறேன்னு சொன்னதுக்கா இந்தப் பேச்சு? இடி விழும். உங்க கூரை மேல இடிதான் விழும், பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொல்கிறவர்கள் சொல்வதுதான், கேட்கிறவர்கள் மறப்பதுதான். ஆனால் கூரையில் உண்மையாகவே இடி மாதிரி ஒன்று விழுந்த பிறகு எப்படி மறப்பது?

அதன் பிறகு அது விட்டுவிட்டு வந்தது. ஒரு நாள் காலை பசியாற வந்தவர்கள் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். இன்னொரு நாள் வெள்ளிக்கிழமை, சயீத் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். சுலைஹா ஒன்றைக் கவனித்தாள். புயல் மாதிரிக் காற்றடித்து, பக்கத்து மனையில் நிற்கிற விளம்பரக் கம்பம் கிறீச் கிறீச்சென்று ஆடுகிறபோதெல்லாம் கூரை சும்மா இருந்தது. எல்லாம் ஓய்ந்து, இலை அசையாத அமைதி வந்து, மனுஷர் தோளை இறக்கி மூச்சு விடுகிற வேளை பார்த்து அது விழுந்தது. தூங்கப் போகிறவனின் காதோரம் காத்திருந்து கத்துகிற மாதிரி.

சயீத் பத்து பகாட் ஊரிலிருந்து ஓதிப் பார்க்கிற ஹஜ்ரத் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் நிதானமானவர். நான்கு மூலையிலும் நின்று ஓதினார், தண்ணீரில் ஊதித் தெளித்தார். புறப்படும்போது, "யாருக்காவது மனவருத்தம் உண்டாக்கியிருந்தீங்கன்னா போய்ச் சரி பண்ணிக்குங்கம்மா. அதையும் செய்யணும்," என்றார். சுலைஹா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

விழுந்தது என்னவென்று ஒரு நாள் கண்ணில் பட்டது. கூரையில் அடித்து, தாழ்வாரத்தில் உருண்டு, மண்ணில் குத்தி நின்றது. கல்லில்லை, இரும்பு. பெருவிரலைவிடத் தடிமனான போல்ட்டின் தலை, கொஞ்சம் கழுத்தோடு. தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. கழுத்து அறுந்த இடம் அவளைத் திகைக்க வைத்தது. வளையவில்லை, இழுபடவில்லை, ரம்பத்தால் அறுத்த அடையாளமும் இல்லை. கற்கண்டை உடைத்தால் உள்ளே மினுமினுக்குமே, அப்படிச் சாம்பல் நிறத்தில் மணி மணியாய் மினுக்கியது.

சயீத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பக்கத்து மனைக் கம்பத்தின் உச்சியில் வெள்ளைப் பலகை. பல மாதமாக விளம்பரம் எதுவும் ஒட்டாமல், ஒரு தொலைபேசி எண் மட்டும் போட்டுக் காலியாய் நின்றது. கம்பத்தின் நடுவில், கடைக் கூரையைவிட இரண்டு மடங்கு உயரத்தில், மேல்பாதியையும் கீழ்பாதியையும் சேர்த்துப் பூட்டிய இரும்பு வளையம். "அங்கேருந்துதான்," என்றார். "பாத்தியா, ஜின்னும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சரி, அதை உடைக்கிறது யாரு?" என்றாள் சுலைஹா.

பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்கள். ரூபேந்திரன் என்ற இளைஞன் தூக்கு ஏணி வைத்த லோரியோடு வந்தான். கம்பெனியில் உயரத்தில் ஏறி வேலை செய்கிறவன், கலகலப்பான ஆள். பேசிக்கொண்டே ஏறினவன் இறங்கும்போது பேச்சில்லாமல் இறங்கினான்.

"நட்டு கழண்டிருக்கும்னு நினைச்சேன் அக்கா. கழலல. எல்லாம் கட்டின இடத்திலேயே கெட்டியா இருக்கு. ஆனா சிலதுக்குத் தலையே இல்ல."

"காத்துல ஆடி ஒடையுதா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"காத்தடிக்கிறப்ப விழலையே தம்பி. காத்து நின்ன பிறகுதானே விழுது. நேத்து அடிச்சதுக்கு இன்னிக்கு, இன்னிக்கு அடிச்சதுக்கு நாளைக்குன்னு."

அவன் மேலே பார்த்தான், கையைப் பார்த்தான். "தெரியலக்கா. பாஸ்கிட்ட சொல்றேன். இதைவிட பவரான போல்ட்டு போட்டுடலாம்."

ரூபேந்திரன் புதுப் போல்ட்டுகளோடு வந்த அன்று சுலைஹா கடையைச் சயீத்திடம் விட்டுவிட்டு, உடைந்த துண்டைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு லாயாங் லாயாங்குக்குப் புறப்பட்டாள். ஹஜ்ரத் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது.

யோகேஸ்வரியின் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். அவள் கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனாள். அங்கம்மா கூடத்தில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சுலைஹாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"விழுதாமே?" என்றாள், சுலைஹா வாய் திறப்பதற்கு முன்பே. "நம்ம கடையில சாப்பிடுற லோரிக்காரப் பையன் ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தப்ப சொன்னான்."

சுலைஹா துணியைப் பிரித்துக் காட்டினாள். அங்கம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அதை இங்க வைக்காத. எடுத்துரு, எடுத்துரு."

"நான் சண்டைக்கு வரலக்கா. நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அங்கம்மா குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "தங்கச்சி, எனக்கு இந்த நாக்கு வெளங்காத நாக்கு. கல்யாணமான புதுசுல எங்க மாமியாள ஒரு சொல்லு சொல்லிட்டேன். மறு வாரம் கெணத்தடியில விழுந்து இடுப்பு ஒடஞ்சு போச்சு அதுக்கு. அதுலேருந்து கோவம் வந்தாக்கூட வாயப் பொத்திக்குவேன். அன்னிக்கு ஒருநாள் தவறிப் போச்சு. விழுதுன்னு கேட்டதிலேருந்து சோறு எறங்கல."

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். "நான் சொன்னத நானே எடுத்துக்கறேன் தாயே. அவங்க மேல விழ வேணாம். நான் எடுத்துக்கறேன்," என்று இரண்டு தரம் சொன்னாள். சுலைஹாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை என்னவோ செய்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சூடம் அணைந்துவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது ரூபேந்திரன் வேலையை முடித்திருந்தான். பழையதை எல்லாம் உருவிவிட்டு, பளபளவென்று வெள்ளிபோல் மின்னுகிற புதுப் போல்ட்டுகள். தலையில் 12.9. "எண்ணு கூடக் கூட பலமும் கூடும் அக்கா. என் கையால முறுக்கியிருக்கேன். யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது," என்றான்.

அசையவில்லைதான். அடுத்து வந்த காற்றுக்குப் பிறகு சுலைஹா கல்லாப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. போல்ட்டு நின்றது என்று சயீத் சொன்னார். சொல் நின்றது என்று சுலைஹா நினைத்தாள். அங்கம்மாவுக்குப் போன் போட்டு, "நின்னிருச்சுக்கா. வாங்க," என்றாள். குழந்தைக்கு முப்பது நாள் கழிந்ததும் அங்கம்மா வந்தாள். பழையபடி இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு தோசைக்கல்லின் முன்னால் நின்றாள். அந்த இடத்துக்கு மேலே வெளிச்சத்துக்காகத் தகரத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தது. காலை வெயில் அதன் வழியாக அவள் கையில் விழும்.

அவள் வந்த மறுநாள் சாயங்காலம் நல்ல காற்று. கம்பம் கிறீச்சிட்டு ஆடியது. அதற்கு மறுநாள் காலை துளிக் காற்றில்லை. பசியாற வந்த கூட்டம் நிறைந்திருந்தது. அங்கம்மா கல்லில் இரண்டு தோசை வார்த்துவிட்டு, மாவு தீர்ந்துபோனதால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பிளாஸ்டிக் தகடு வெடித்தது. அடுத்த நொடி தோசைக்கல்லில் "ணங்" என்று விழுந்த சத்தத்தில் கடையே எழுந்து நின்றது. தோசைகள் சிதறிச் சுவரில் ஒட்டிக்கொண்டன. கல்லின் நடுவில் எண்ணெய் பொரிய, 12.9 என்ற எண் மேல் நோக்கி இருக்க, புத்தம்புது இரும்புத் தலை கிடந்தது.

அங்கம்மா மாவுப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றாள். கல்லைப் பார்த்தாள். தான் எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். மேலே ஓட்டை வழியாகத் தெரிந்த நீல வானத்தைப் பார்த்தாள்.

"நான்தானே எடுத்துக்கறேன்னு சொன்னேன்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, துணியைக்கூட அவிழ்க்காமல் பஸ் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தாள். சுலைஹா பின்னால் ஓடினாள், கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

அன்று மதியத்துக்குள் இன்னும் இரண்டு விழுந்தன. கடையைப் பூட்டினார்கள்.

ரூபேந்திரன் வந்து நின்ற கோலத்தைப் பார்க்கச் சுலைஹாவுக்கே பாவமாக இருந்தது. "நான் அளவாத்தான் முறுக்கினேன் அக்கா. மெஷின் வச்சுப் பாத்துத்தான் முறுக்கினேன். பாஸ் என்னைத்தான் கேக்குறாரு." துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். கம்பெனியின் இஞ்சினியர் அவற்றைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை அந்தக் கம்பத்தின் நிழல் விழுகிற பக்கம் யாரும் போகவில்லை. தெரு நாய்கள்கூட வேறு இடம் தேடிக்கொண்டன.

பதில் வந்த அன்று ரூபேந்திரன் அவர்கள் வீட்டுக்கே வந்தான். இஞ்சினியர் சொன்னதைத் தனக்குப் புரிந்த மட்டும் சொன்னான்.

"துருப் பிடிக்காம இருக்க மேல பூச்சு பூசுவாங்கல்ல, அதுக்கு முன்னாடி ஆசிட்ல முக்கி எடுப்பாங்களாம். அப்ப ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள்ள போய் உக்காந்துக்குது. பூசின கையோட சூட்டுல வச்சு எடுத்தா வெளிய வந்திரும். பழசு புதுசு ரெண்டுலயும் எங்கயோ அதைச் செய்யாம விட்டுட்டாங்க. சாதா இரும்புன்னா வளைஞ்சு குடுக்கும், தப்பிச்சிரும். இது ரொம்ப கெட்டி, வளையத் தெரியாது. நாம முறுக்கி இழுத்துப் பிடிச்சதும், உள்ள இருக்கிற வாயு ஊர்ந்து ஊர்ந்து எங்க இழுப்பு அதிகமோ அங்க போய்ச் சேருது. காத்துல ஆட ஆட விரிசல் மயிரளவு மயிரளவா நகருது."

"காத்து நின்ன பிறகு?"

"காத்துதான் நிக்குது அக்கா. உள்ள அது நிக்கறதில்ல. முறுக்கின இழுப்பு அப்படியேதானே இருக்கு? மெதுவா போய்க்கிட்டே இருக்குமாம். மீதி இரும்பு தாங்காதுங்கிற நேரம் பட்டுனு விட்டுரும். அது எந்த நேரம்னு யாராலயும் சொல்ல முடியாதாம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கெட்டியாப் போடணும்னுதான் நான் பவர் கூடினதா கேட்டு வாங்கினேன். கெட்டியா இருக்க இருக்கத்தான் சீக்கிரமா போகுமாம்."

சயீத், "சுப்ஹானல்லாஹ்," என்றார். விஷயம் விளங்கினால் பயம் போய்விடும் என்று சுலைஹா நினைத்திருந்தாள். இரும்புக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டு, யாரும் பார்க்காதபோது நகர்கிறது என்று கேட்டதும், பிடித்திருந்த ஜன்னல் கம்பியிலிருந்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

போல்ட்டுகளை உயரத்தில் வைத்துக் கழற்ற யாரையும் ஏற்ற முடியாது என்று முடிவாயிற்று. கிரேன் வந்து கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, அடியிலே காஸ் நெருப்பால் அறுத்து, முழுசாகச் சாய்த்து மனையில் படுக்க வைத்தார்கள். வெள்ளைப் பலகை புல்லின் மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. லோரி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்றார்கள். மறுநாள் சயீத் கடையைத் திறந்து தரையைக் கழுவினார். ஒரு கனம் இறங்கினாற்போல் இருந்தது சுலைஹாவுக்கு.

மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கை கால் கழுவி உளூ செய்ய அவள் குழாயடியில் நின்றாள். பக்கத்து மனையில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். புல்லுக்குள் எதுவோ சர்ரென்று பாய்ந்து போய் வேலியில் அடித்தது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தாள். கம்பம் படுத்தபடியே கிடந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை, தாங்க வேண்டிய பாரமும் இல்லை. ஆனாலும் அந்த வளையத்தில் இன்னொரு போல்ட்டு தலையை உதறியிருந்தது.

செத்த பாம்பு கொத்தினாற்போல் இருந்தது அவளுக்கு. "அலமாக்! படுத்துக் கெடக்கிறப்பவுமா?" என்றார் சயீத் பின்னாலிருந்து.

போன் போட்டதும் ரூபேந்திரன் வந்தான். "முறுக்கினபடியே கெடக்குல்ல அண்ணே. இழுப்பு போகல. கழட்டி விட்டாத்தான் அடங்கும்." எல்லோரையும் லோரிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னான். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, போல்ட்டுக்கு நேரே நிற்காமல் ஓரமாய் ஒதுங்கி, நீளமான ஸ்பேனரை மாட்டி முதல் நட்டைக் கொஞ்சமாய்த் தளர்த்தினான். இரும்பு ஒரு முறை முனகியது. பிறகு அடுத்தது. எதிர்ப்பக்கத்தில் ஒன்று. மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொன்றும் தளரும்போது அந்த முனகல் கேட்டது, ஒவ்வொரு முனகலுக்கும் சுலைஹா சயீத்தின் சட்டையைப் பிடித்தாள். ஒன்று மட்டும் ஸ்பேனர் தொட்டதுமே உடைந்தது. தலை தரையில் குத்தி மண்ணைக் கிளப்பியது. ரூபேந்திரன் தடுமாறிப் பின்னால் விழுந்து உட்கார்ந்தான். காயம் ஒன்றுமில்லை. சிறிது நேரம் கையைக் கையோடு அழுத்தி வைத்துக்கொண்டு, எழுந்து மீதியையும் கழற்றினான்.

சுலைஹா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பாதி குடித்துவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டியாச்சே தம்பி. இன்னும் என்ன?"

"இதே பெட்டியில மிச்சம் இருந்துச்சு அக்கா. கெலாங் பாத்தாவுல ஒரு பலகைக்குப் போட்டேன். பஸ் நிக்கிற இடத்துக்கு மேல. பதில் வந்த அன்னிக்கே பாஸ்கிட்ட சொன்னேன். அங்க ஒண்ணும் விழலியே, அடுத்த மாசம் பாக்கலாம்னாரு."

சொல்லிவிட்டு அவன் அந்த வார்த்தையைத் தானே கேட்டதுபோல் விழித்தான். தம்ளரை வைத்தான். பாதித் தேநீர் அப்படியே இருந்தது. கருவிகளை லோரியில் எறிந்துவிட்டு, யாரிடமும் உத்தரவு கேட்காமல் கிளம்பிப் போனான்.

சாயங்காலம் கெலாங் பாத்தாவிலிருந்து போன் செய்தான். போனதும் போலீசுக்குச் சொல்லி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களை எழுப்பி அப்பால் அனுப்பிவிட்டானாம். கிரேன் வந்துகொண்டிருக்கிறதாம். கம்பத்தடிப் புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தானாம். இரண்டு தலைகள் ஏற்கெனவே மண்ணில் புதைந்து கிடந்தனவாம். எப்போது விழுந்ததென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லையாம்.

அந்த இரவு சுலைஹா அங்கம்மாவுக்குப் போன் போட்டாள். மூன்று தரம் அடித்த பிறகு யோகேஸ்வரிதான் எடுத்தாள். அம்மா யாரோடும் பேசுவதில்லை, குழந்தையைக்கூடத் தூக்குவதில்லை என்றாள். "கொஞ்சம் காதுல வைம்மா, போதும்," என்றாள் சுலைஹா.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சுலைஹா ரூபேந்திரன் சொன்னதைச் சொன்னாள். ஆசிட், வாயு, முறுக்கு, காற்று என்று அவளுக்குத் தெரிந்த மட்டும் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள்.

"அந்த வாயு," என்றது அங்கம்மாவின் குரல், "எப்ப உள்ள போச்சாம்?"

"செய்யறப்பவே போயிருச்சாம்க்கா. கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"நான் சொல்றதுக்கு முன்னாடியா?"

"ரொம்ப முன்னாடிக்கா."

"புதுசு? நான் திரும்பி வந்தப்ப விழுந்துச்சே, அது?"

"அதுவும்தான்க்கா. பெட்டியில இருக்கறப்பவே உள்ள இருந்திருக்கு."

தூரத்தில் ரயில் ஒன்று கடந்து போகிற ஓசை மட்டும் போன் வழியாக வந்து தேய்ந்தது. பிறகு அங்கம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னொரு தடவ சொல்லு தங்கச்சி," என்றாள். "மொதல்லேருந்து சொல்லு."